கொசைன் சுருக்கிய திரைப்படம்

ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டைகளிலும், மாநில எல்லைக்கு அப்பால் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு வீடு வேறிடத்தில் இருக்கிறது. சிலருக்குக் கிருஷ்ணகிரியில், சிலருக்குக் காவேரிப்பட்டணத்திலோ ஊத்தங்கரையிலோ. வாரத்தில் ஆறு நாள் விடுதி அறையில் தங்கி, ஞாயிறன்று ஊர் திரும்புவார்கள். வீட்டுக் கணிப்பொறியில் தங்கையின் திருமணப் படம் இருக்கும். குழந்தையின் பள்ளி ஆண்டு விழா இருக்கும். கேசட்டிலிருந்து மாற்றி வைத்த பழைய படங்களும் இருக்கும். இரவு ஷிப்டு முடிந்து அறைக்கு வந்தவர், கையிலுள்ள டேப்லெட்டில் அந்தப் படத்தைத் தொடுகிறார். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள வீட்டுக் கணிப்பொறி விழித்துக்கொண்டு படத்தை அனுப்பத் தொடங்குகிறது. சில வினாடிகளில் திரையில் நாதசுரம் ஒலிக்கிறது.

இன்று இது எளிய செயல். ஆயினும் இதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம் ஒன்றில், ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்த ஒருவரின் பெயர் வருகிறது. அவர் கையாண்ட கருவியோ, நம் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் அன்றாடம் மனப்பாடம் செய்யும் கொசைன் சார்புதான். அந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

ஒரு திசைப் பாதை

தொலைக்காட்சி தோன்றிய நாளிலிருந்து படம் ஒரே திசையில்தான் பயணம் செய்தது. ஓரிடத்தில் உயர்ந்த கோபுரம். சுற்றிலும் ஆயிரக்கணக்கான பெட்டிகள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது. அதே மாதம் முதல் தேதியன்றுதான் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையும் தொடங்கிற்று. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையால், கர்நாடகம் உட்பட ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு ஓராண்டுக் காலம் நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. மிகப் பெரிய முயற்சி. எனினும் அதுவும் ஒன்றிலிருந்து பலருக்குச் செல்லும் முறையே. கிராமத்து வீடு படத்தைப் பெறலாம், அனுப்ப இயலாது.

நாம் பேசும் செயல் இதற்கு நேர் எதிரானது. இங்கே வீடே நிலையமாகிறது. அந்த நிலையத்துக்கு ஒரே ஒரு நேயர், அவரும் வீட்டுக்காரரே. இதற்கு ஒரு வேடிக்கையான முன்னோடி உண்டு. 1991ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகக் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தினர், வேறு அறையிலிருந்த காப்பிக் குடுவையின் முன் ஒரு காமிராவை வைத்தார்கள். குடுவையில் காப்பி இருக்கிறதா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிவதுதான் நோக்கம். கறுப்பு வெள்ளைப் படம். நீளத்தில் 128, அகலத்தில் 128 புள்ளிகள். நிமிடத்துக்குச் சுமார் மூன்று படங்கள். 1993இல் இணையத்தில் ஏற்றப்பட்டபின் உலகின் பல மூலைகளிலிருந்தும் அதைப் பார்த்தார்கள். 2001இல் அக்காமிரா நிறுத்தப்பட்டது.

நிமிடத்துக்கு மூன்று படங்கள் போதுமென்றால் காப்பிக் குடுவையைப் பார்க்கலாம். திருமண ஊர்வலத்தைப் பார்க்க இயலாது. ஏன் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

படத்தின் பருமன்

கணிப்பொறிக்குப் படம் என்பது புள்ளிகளின் தொகுதி. பழைய தொலைக்காட்சித் தரத்தில் ஒரு படத்தில் கிடையாக 720, செங்குத்தாக 576 புள்ளிகள். மொத்தம் 4,14,720. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஒளிர்வையும் குறிக்க 24 பிட்கள் தேவை. வினாடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள், வினாடிக்கு ஏறத்தாழ 25 கோடி பிட்கள்!

இந்தியாவில் பொது மக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. தொலைபேசிக் கம்பியில் மோடத்தை இணைத்துப் பேசிய காலம் அது. பிற்காலத்தில் வந்த வேகமான மோடம்கூட, வீட்டை நோக்கி வினாடிக்கு 56,000 பிட்களும், வீட்டிலிருந்து வெளியே 33,600 பிட்களும்தான் அனுப்பக்கூடியது. இந்த வழியில் மேற்சொன்ன படத்தை அப்படியே வெளியே அனுப்பினால், ஒரு வினாடிப் படம் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டரை மணி நேரத் திரைப்படத்துக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிடும்.

இன்றைய உயர் தரப் படத்தில் 1,920க்கு 1,080 புள்ளிகள். அதற்கு வினாடிக்கு 124 கோடி பிட்கள் வேண்டும். ஆனால் அதே படம் இன்று வினாடிக்கு 40 இலட்சம் பிட்கள் மட்டும் செல்லும் இணைப்பில் தடையின்றி ஓடுகிறது. முந்நூறில் ஒரு பங்கு! மீதி 299 பங்கு எங்கே போயிற்று? படம் கெட்டுப்போனதாகக் கண்ணுக்குத் தெரியவும் இல்லையே? இக்கேள்விக்கு விடை தேடினால் நாம் 1972ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

“மிக எளிது” எனத் தள்ளப்பட்ட கருத்து

நசீர் அகமது 1940இல் பெங்களூரில் பிறந்தவர். அந்நகரின் விசுவேசுவரய்யா பொறியியல் கல்லூரியில் 1961இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று நியூ மெக்சிகோ பல்கலைக் கழகத்தில் 1966இல் முனைவர் பட்டம் பெற்றார். 1968 முதல் கான்சஸ் மாநிலப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்தார்.

அன்றைய ஆய்வாளர்களின் முன் நின்ற சிக்கல் இது. ஒரு படத்தில் அடுத்தடுத்த புள்ளிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. வானத்தில் ஒரு புள்ளி நீலமென்றால் பக்கத்துப் புள்ளியும் நீலமே. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புவது வீண் அல்லவா? இந்த வீண் சுமையை முற்றிலும் களையும் கணித முறை ஒன்று அப்போதே அறியப்பட்டிருந்தது. கார்ஹூனன்-லோயவே உருமாற்றம் என்பது அதன் பெயர். ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு. அது ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தைக்கும் தையற்காரரைப் போன்றது. ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அளவெடுத்துப் பெருங்கணக்குப் போட வேண்டும். எந்த அளவில் தைத்தோம் என்ற குறிப்பையும் படத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். எல்லாப் படங்களுக்கும் ஏறக்குறையப் பொருந்தக்கூடிய ஆயத்த உடை ஒன்று கிடைக்காதா என்பதே கேள்வி.

கொசைன் அலைகளைக் கொண்டு அத்தகைய உடையைத் தைக்கலாம் என்று அகமது கருதினார். அக்கருத்தை ஆராய நிதி வேண்டி 1972இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. கருத்து மிக எளிதாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் குறை! இதை அகமதே பின்னாளில், 1991இல் எழுதிய கட்டுரையில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் கருத்தைக் கைவிடவில்லை. 1973ஆம் ஆண்டுக் கோடை முழுவதையும் அதற்கே செலவிட்டார். அவருடைய மாணவர் டி. நடராஜனும், டெக்சாஸ் பல்கலைக் கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பணியாற்றிய கே. ஆர். ராவும் துணை நின்றார்கள். ராவ் 1952இல் சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும் செய்தி. கணக்கிட்டுப் பார்த்தபோது, நம்ப முடியாத அளவுக்கு நல்ல முடிவு கிடைத்தது. அளவெடுத்துத் தைத்த உடைக்கும் இந்த ஆயத்த உடைக்கும் வேறுபாடு மிகச் சிறிதே. மூவர் பெயரிலும் அமைந்த ஆய்வுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. ஒரு சில பக்கங்களே கொண்டது. “தனிநிலைக் கொசைன் உருமாற்றம்” என்பது அதன் பொருள்.

எட்டுப் புள்ளிகளில் ஒரு சோதனை

உருமாற்றம் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீணை ஒலியைக் கணந்தோறும் ஏறி இறங்கும் காற்றழுத்தமாகவும் விவரிக்கலாம். இன்னின்ன அதிர்வெண்கள் இவ்வளவு வலிமையுடன் கலந்தவை என்றும் விவரிக்கலாம். இரண்டும் ஒரே ஒலியின் இரு விவரங்கள். படத்துக்கும் அவ்வாறே. ஒரு வரிசைப் புள்ளிகளின் ஒளிர்வை, மெதுவாக மாறும் அலை, வேகமாக மாறும் அலை எனப் பல கொசைன் அலைகளின் கூட்டாக எழுதலாம்.

ஒரு சுவரின் மேல் வெளிச்சம் இடமிருந்து வலமாகச் சிறிது சிறிதாகக் கூடுகிறது என்று கொள்வோம். எட்டுப் புள்ளிகளின் ஒளிர்வு எண்கள் வருமாறு:

100, 102, 104, 106, 108, 110, 112, 114.

இவற்றைக் கொசைன் உருமாற்றம் செய்தால் கிடைப்பவையும் எட்டு எண்களே:

302.6, −12.9, 0, −1.3, 0, −0.4, 0, −0.1.

உற்று நோக்குங்கள். முதல் எண் சராசரி ஒளிர்வைக் குறிப்பது. இரண்டாவது, மெதுவான மாற்றத்தைக் குறிப்பது. மற்ற ஆறும் ஒன்று பூச்சியம். அல்லது பூச்சியத்துக்கு அண்மையில் உள்ளவை. அந்த ஆறையும் துணிந்து விட்டெறிந்துவிட்டு, முதல் இரண்டை மட்டும் அனுப்புவோம். மறுமுனையில் அவற்றிலிருந்து புள்ளிகளைத் திரும்பக் கணக்கிட்டால் கிடைப்பது:

101, 102, 103, 106, 108, 111, 112, 113.

மூலத்துக்கும் இதற்கும் எந்த இடத்திலும் ஒன்றுக்கு மேல் வேறுபாடில்லை. நூற்றில் ஒரு பங்கு ஒளிர்வு மாற்றத்தை ஓடும் படத்தில் நம் கண் காணாது. எட்டு எண்களின் வேலையை இரண்டே எண்கள் செய்துவிட்டன!

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். அதிர்வெண்களைப் பிரிக்க ஃபூரியே முறை இருக்கிறதே, அது போதாதா? போதாது. ஃபூரியே முறை இந்த எட்டுப் புள்ளிகளும் திரும்பத் திரும்ப வருவதாகக் கருதும். அப்படிக் கருதினால் 114ஐ அடுத்து மறுபடியும் 100 வரும். இல்லாத ஒரு பள்ளம் தோன்றும். அந்தப் பள்ளத்தைக் காட்ட வேகமான அலைகள் பல வேண்டியிருக்கும். கொசைன் முறையோ ஓரத்தில் ஒரு கண்ணாடியை வைத்தாற்போல் செயல்படுகிறது. 114க்கு அடுத்து 114, 112, 110 என்று பிம்பமாகத் திரும்புகிறது. பள்ளமே இல்லை. எளிது எனத் தள்ளப்பட்ட கருத்தின் நுட்பம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

உண்மையான படத்தில் ஒரு வரிசைக்குப் பதிலாக, எட்டுக்கு எட்டு எனச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து இதைச் செய்கிறார்கள். உயர் தரப் படம் ஒன்றில் இத்தகைய கட்டங்கள் 32,400. வினாடிக்கு 25 படங்கள் என்றால், 8 இலட்சத்து 10 ஆயிரம் முறை இக்கணக்கைப் போட வேண்டும். நம் வீட்டுக் கணிப்பொறி இதைச் சலிப்பின்றிச் செய்கிறது.

ஆய்வுரையிலிருந்து அன்றாட வாழ்வுக்கு

1974இல் இருந்த கணிப்பொறிகளுக்கு இது பெருஞ்சுமை. 1977இல் வென்-சியுங் சென் என்பவரும் அவருடைய தோழர்களும் இக்கணக்கை விரைவாகப் போடும் முறையைக் கண்டார்கள். 1988இல், தொலைபேசி இணைப்பின் வழியே முகம் பார்த்துப் பேசுவதற்கான ஹெச்.261 என்னும் உலகத் தரம் உருவாயிற்று. அதன் இதயம் கொசைன் உருமாற்றமே. 1992இல் நிழற்படங்களுக்கான ஜேபெக் தரம், அதையடுத்து, வி.சி.டி. தட்டுகளில் பயன்பட்ட எம்பெக்-1; பிறகு டி.வி.டி.க்கும் இலக்கமுறைத் தொலைக்காட்சிக்கும் எம்பெக்-2, 2003இல் ஹெச்.264, 2013இல் ஹெச்.265. இவை யாவற்றிலும் கொசைன் உருமாற்றமோ அதன் முழு எண் வடிவமோ இடம் பெற்றிருக்கிறது.

கொசைன் மட்டும் முந்நூறு மடங்குச் சுருக்கத்தைத் தந்துவிடாது. அதற்கு ஒரு துணை உண்டு. அடுத்தடுத்த இரு படங்களில் பெரும்பகுதி மாறுவதில்லை. மணமேடை அப்படியே இருக்கிறது. புரோகிதரின் கை மட்டும் நகர்கிறது. எனவே, “முந்தைய படத்தின் இந்தக் கட்டம் இவ்வளவு நகர்ந்திருக்கிறது” என்று மட்டும் சொல்லி, மிஞ்சும் சிறு வேறுபாட்டைக் கொசைனால் சுருக்கி அனுப்புகிறார்கள். இரண்டும் சேர்ந்தே இந்த விந்தையை நிகழ்த்துகின்றன. உயர் தரத்தில் இரண்டரை மணி நேரத் திரைப்படம் அப்படியே இருந்தால் 1,400 ஜிகாபைட் இடம் பிடிக்கும். சுருக்கியபின் நான்கரை ஜிகாபைட்டில் அடங்கிவிடும்.

குறுகிய வெளிவாசல்

படம் சிறுத்தது. அது வெளியேறும் வாசல்? இந்தியாவில் 2004இல் வெளியான அகல அலைவரிசைக் கொள்கை, வீட்டை நோக்கி வினாடிக்கு 2,56,000 பிட்களாவது வர வேண்டும் என்று வரையறுத்தது. வீட்டிலிருந்து எவ்வளவு வெளியே போக வேண்டும் என்பதை அவ்வரையறை கூறவில்லை. 2005 ஜனவரியில் பாரத் சஞ்சார் நிகம் நிறுவனம் தொலைபேசிக் கம்பியிலேயே இச்சேவையைத் தொடங்கியது.

அதற்குப் பயன்பட்ட ஏ.டி.எஸ்.எல். முறையின் பெயரிலேயே “சமச்சீரற்ற” என்ற சொல் இருக்கிறது. நம் பேச்சுக்குத் தேவை 4 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களே. செம்புக் கம்பியில் அதற்கு மேலுள்ள பகுதி சும்மா கிடந்தது. அதில் ஏறத்தாழ 26 முதல் 138 கிலோ ஹெர்ட்ஸ் வரை வீட்டிலிருந்து வெளியே செல்வதற்கு. 138 முதல் 1,104 கிலோ ஹெர்ட்ஸ் வரை வீட்டுக்கு வருவதற்கு. வரும் பாதை போகும் பாதையைப் போல் எட்டு மடங்குக்கு மேல் அகலமானது! தொலைபேசி நிலையத்தில் நூற்றுக்கணக்கான கம்பிகள் ஒரே கட்டாக வந்து சேர்கின்றன. தொலைவிலிருந்து வரும் வீட்டின் மெல்லிய சைகை, பக்கத்துக் கம்பியில் புறப்படும் வலிய சைகையின் இரைச்சலில் மூழ்கிவிடும். இதைத் தவிர்க்கவே இப்பங்கீடு. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர் இதைச் சிந்தித்தார். அன்று தொலைபேசி நிறுவனங்களுக்கு இருந்த ஆசை, வீடுகளுக்குத் திரைப்படம் அனுப்புவதே. வீடு திரும்ப அனுப்பும் என்று அவர்கள் கருதவில்லை.

ஒளியிழை வீட்டுக்கு வந்தபின் இந்த ஏற்றத்தாழ்வு பெரிதும் குறைந்தது. பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில், ஒரே இழையில் 1,490 நானோமீட்டர் அலைநீள ஒளி வீட்டை நோக்கி வருகிறது. 1,310 நானோமீட்டர் ஒளி வீட்டிலிருந்து செல்கிறது. ஒன்றோடொன்று மோதுவதில்லை. வருவது வினாடிக்கு 248 கோடி பிட். போவது 124 கோடி பிட். பல வீடுகள் இதைப் பகிர்ந்துகொள்கின்றன. எட்டுக்கு ஒன்றாக இருந்தது இரண்டுக்கு ஒன்றாயிற்று. கிருஷ்ணகிரி வீட்டுக் கணிப்பொறி உண்மையில் நிலையமாகும் தகுதியைப் பெற்றது இதனால்தான்.

கதவு எண் இல்லாத வீடு

இன்னொரு தடை உண்டு. டேப்லெட் வீட்டை அழைக்க வேண்டுமானால் வீட்டுக்கு ஒரு முகவரி வேண்டும். இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரிகள் 32 பிட் நீளமுடையவை. அவற்றின் மொத்த எண்ணிக்கை 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. ஆசிய-பசிபிக் பகுதியின் வழக்கமான கையிருப்பும் அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று முடிவுக்கு வந்தது. ஆகவே சேவை நிறுவனங்கள் பல நூறு வீடுகளை ஒரே முகவரியின் பின்னால் நிறுத்தத் தொடங்கின.

தொழிற்சாலைகளின் உள்தொலைபேசியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உள்ளிருந்து எவரும் வெளியே பேசலாம். வெளியிலிருந்து வருபவருக்குத் தெரிவது பொது எண் ஒன்றே. எந்த மேசைக்கு இணைப்பது என்று சொல்ல ஆப்பரேட்டர் வேண்டும். இணையத்திலும் அப்படித்தான். வீட்டுக் கணிப்பொறியும் டேப்லெட்டும் இரண்டுமே வெளியே உள்ள ஒரு நடுவரைக் கூப்பிடும். நடுவர் ஒருவருக்கொருவர் வழி சொல்லிவிடுவார்.

அந்த நடுவர் யார் என்பது சிறிய கேள்வியன்று. அமெரிக்காவில் பிளேக் கிரிகோரியன், ஜேசன் கிரிகோரியன் என்ற சகோதரர்கள், ஊர் ஊராகப் பயணம் செய்யும்போதும் தங்கள் ஊர் பேஸ்பால் அணியின் ஆட்டத்தைக் காண விரும்பினார்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் வருவதை இணையத்தில் அனுப்பும் ஸ்லிங்பாக்ஸ் என்னும் பெட்டியை 2005இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுப் படத்தை வெளியூரில் காணும் பழக்கத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியவற்றுள் அது முதன்மையானது. பின்னர் நிறுவனம் கை மாறியது. 2020இல் விற்பனை நின்றது. 2022 நவம்பர் 9 அன்று நடுவராக இருந்த கணிப்பொறிகளும் நிறுத்தப்பட்டன. பெட்டி வாங்கியவரின் வீட்டில், அவர் காசில், பழுதின்றி இருந்தது. ஆயினும் பயனற்றுப் போயிற்று.

மற்றொரு வழியும் வரலாற்றில் உண்டு. பாரிசு நகர்ப் பொறியியல் கல்லூரியான எக்கோல் சென்ட்ராலின் மாணவர்கள், தம் விடுதி வளாகத்துக்குள் படங்களை அனுப்ப 1996இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்ததே வி.எல்.சி. என்னும் மென்பொருள். 2001இல் அதன் மூல நிரல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. 2018இல் தோன்றிய ஜெல்லிஃபின்னும் அவ்வாறு திறந்த நிரல் கொண்டது. வீட்டுக் கணிப்பொறியையே படநிலையமாக்குவது. இவற்றை நிறுத்தி வைக்கும் பொத்தான் எவர் கையிலும் இல்லை. ஆனால் வாசலைத் திறந்து வைப்பவருக்குக் காவலும் பொறுப்பு. கடினமான கடவுச்சொல்லும் மறையாக்கமும் இன்றி வீட்டுக் கணிப்பொறியை வெளியுலகுக்குத் திறப்பது, பூட்டாமல் ஊருக்குப் போவதற்கு ஒப்பாகும்.

முகவரித் தட்டுப்பாட்டுக்கு நிலையான மருந்து ஆறாம் பதிப்பு. அதில் முகவரி 128 பிட் நீளம். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கதவு எண் கொடுத்தாலும் தீராது. 2016க்குப் பின் நம் நாட்டின் கைப்பேசி வலைப்பின்னல்களில் இப்பதிப்பு வேகமாகப் பரவியிருக்கிறது.

தொட்டியும் குழாயும்

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பேருந்தில் படம் பார்ப்பவரை நினைத்துப் பாருங்கள். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் மாநிலம் மாறுகிறது. தொலைத்தொடர்பு வட்டமும் மாறுகிறது. ஒரு காலத்தில் இங்கே கைப்பேசி அண்டை மாநிலக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டால் ரோமிங் கட்டணம் ஏறிவிடும். 2016, 2017ஆம் ஆண்டுகளில் அத்தொல்லை பெரும்பாலும் மறைந்தது. ஆனால் கோபுரம் விட்டுக் கோபுரம் மாறும்போது வேகம் ஏறி இறங்குவது இயற்கை. அப்போதும் படம் ஏன் நிற்பதில்லை?

நம் வீட்டு மாடித் தொட்டியே விடை. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், தொட்டி நிரம்பியிருந்தால் அடுப்பங்கரைக் குழாய் சீராக ஒழுகும். டேப்லெட்டும் வரவிருக்கும் சில வினாடிப் படத்தை முன்கூட்டியே பெற்றுச் சேமிக்கிறது. அத்துடன், 2009 முதல் பரவிய முறைப்படி, வீட்டுக் கணிப்பொறி படத்தைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி, தேவைக்கேற்பப் பெரிதாகவோ சிறிதாகவோ தருகிறது. பாதை குறுகினால் டேப்லெட் சிறிய துண்டைக் கேட்கும். அகன்றால் பெரியதைக் கேட்கும். படம் சற்று மங்கித் தெளிவது அதனால்தான். துண்டு சிறியதாவது எப்படி? கொசைன் எண்களில் இன்னும் சிலவற்றை விட்டெறிவதால்தான்!

நாம் அறிய வேண்டியது

ஒளியிழையும் கோபுரமும் டேப்லெட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றுக்குப் பெருந்தொழிற்சாலைகள் தேவை. கண்ணுக்குத் தெரியாத கொசைன் உருமாற்றத்துக்குத் தேவைப்பட்டவை காகிதம், பென்சில், கணக்கிட ஒரு கணிப்பொறி, ஒரு கோடைக்காலம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் படிக்கும் மாணவர்கள் பலர், முக்கோணவியலைத் தேர்வோடு முடிந்துபோகும் பாடமாகக் கருதுகிறார்கள். தொழிற்சாலை வாசலில் அதற்கு வேலையில்லை என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி வினாடிக்குப் பல இலட்சம் முறை அதே கொசைனைக் கணக்கிடுகிறது என்பதை யாரேனும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கருத்து எளிதாக இருப்பது குறையன்று. அதை ஆராய்ந்து பார்க்காமல் தள்ளுவதே குறை.

வாசகர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 50, 200, 50, 200 என மாறி மாறி வரும் எட்டுப் புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 125. ஒவ்வொன்றிலிருந்தும் அதைக் கழியுங்கள். முதல் புள்ளியை 11.25 பாகைக் கொசைனாலும், இரண்டாவதை 33.75 பாகைக் கொசைனாலும், இவ்வாறு 22.5 பாகை கூட்டிக்கொண்டே எட்டாவது வரை பெருக்கிக் கூட்டி, இரண்டால் வகுத்தால் முதல் அலையின் அளவு கிடைக்கும். எல்லாப் பாகைகளையும் மூன்றால் பெருக்கிக்கொண்டால் மூன்றாவது அலை. ஐந்தால், ஏழால் பெருக்கினால் அடுத்தடுத்தவை. இங்கே சராசரி நீங்கலாகவே நான்கு எண்கள் பெரியவையாக நிற்பதைக் காண்பீர்கள். எதையும் எளிதில் விட்டெறிய இயலாது. மழை பெய்யும் காட்சியிலும், மலர் தூவும் காட்சியிலும், காற்றில் இலைகள் அசையும் காட்சியிலும் படம் ஏன் கட்டம் கட்டமாகக் குலைகிறது என்பது அப்போது தானே விளங்கும்.